நீலத்துணி போன வழி

1783 செப்டம்பர் 3ஆம் நாள் வெர்சாய் நகரில் பிரெஞ்சு மன்னருக்கும் இங்கிலாந்து மன்னருக்கும் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. அமெரிக்க விடுதலைப் போரோடு சேர்ந்து உலகம் முழுக்கப் பரவிய சண்டையை முடிப்பதற்காக எழுதிய பத்திரம் அது. அதில் இரண்டு தமிழ் ஊர்களின் பெயர்கள் இருக்கின்றன: வில்லியனூர், பாகூர். புதுச்சேரியைத் திருப்பித் தருவதோடு, அதைச் சுற்றி இந்த இரண்டு வட்டங்களையும் பிரான்சுக்குப் பெற்றுத் தருவதாக இங்கிலாந்து மன்னர் வாக்குக் கொடுக்கிறார். அதே பத்திரத்தில் ஆப்பிரிக்காவின் செனகல் ஆறு பிரான்சின் கைக்கு வருகிறது. ஆற்றுமுகத்துச் சேன்லூயி கோட்டையும், உள்ளே தள்ளியிருக்கும் பொதோர் கோட்டையும் பெயர் சொல்லிக் குறிக்கப்படுகின்றன. அந்தக் கரையில் பிசின் வாங்க ஆங்கிலேயருக்கு எவ்வளவு இடம் உண்டு என்பதும் எழுதப்பட்டிருக்கிறது.

பாகூர் ஏரிக்கரைக்கும் செனகல் ஆற்றுக்கும் என்ன உறவு? ஒரு துணிதான் உறவு. பிரெஞ்சுக்காரர்கள் அதைக் கினே என்றார்கள். அவுரி நீலத்தில் தோய்த்த, முரட்டுப் பருத்தித் துணி. புதுச்சேரித் துறைமுகம் எப்படி வளர்ந்தது என்று எழுதுகிறவர்கள் ஆளுநர்களையும் கோட்டையையும் கடற்கரைச் சாலையையும் எழுதுகிறார்கள். அந்தத் துறைமுகத்துக்கு வேலை கொடுத்தவை பின்னால் இருந்த கிராமங்கள். அதனால் துறைமுகத்தின் கதையைக் கடற்கரையில் தொடங்காமல் வில்லியனூர்ச் சாலையிலும் பாகூர் வயலிலும் தொடங்கி, அந்த நீலத்துணி போன வழியே சொல்கிறேன்.

முதலில் நிலம். சங்கராபரணி ஆறு செஞ்சிப் பக்கத்திலிருந்து இறங்கி, வில்லியனூரைத் தொட்டுக்கொண்டு கடலுக்குப் போகிறது. அதன் ஒரு கிளை அரியாங்குப்பத்து ஆறு. பாகூருக்குத் தென்பெண்ணைத் தண்ணீர். பங்காரு வாய்க்கால் வழியாக அது பாகூர் ஏரிக்கு வந்து சேரும். இந்த இரண்டு ஆறுகளுக்கு நடுவே நெல்லும் பருத்தியும் அவுரியும் விளைந்தன. அரியாங்குப்பத்து ஆற்றின் கரையில், காக்காயன்தோப்புக்குப் பக்கத்தில் அரிக்கமேடு இருக்கிறது. கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிவைத்த கடல்வழிக் குறிப்பில் வரும் பொதுகே இதுதான் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். 1945இல் மார்ட்டிமர் வீலர் இங்கே அகழ்ந்தபோது, இத்தாலியிலிருந்து வந்த மட்கலங்களும் மதுச்சாடிகளின் உடைசல்களும் கிடைத்தன. செங்கல்லால் கட்டிய தொட்டிகளும் கிடைத்தன. அவை துணிக்குச் சாயம் ஏற்றிய தொட்டிகள் என்றார் வீலர். பின்னால் வந்த ஆய்வாளர்கள் எல்லோரும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. தொட்டி எதற்காக இருந்தாலும், ஆற்றுமுகத்தில் கப்பலும் அதன் பின்னால் கைத்தொழிலும் என்ற அமைப்பு இந்த மண்ணுக்கு 2,000 ஆண்டுப் பழக்கம்.

1674இல் பிரெஞ்சு வணிகக் கும்பினியின் பிரான்சுவா மர்த்தேன் வந்தபோது இங்கே துறைமுகம் என்று சொல்ல எதுவும் கிடையாது. திறந்த கடல், ஓயாத அலை, மணல். கப்பல்கள் கரைக்கு வர முடியாமல் தொலைவிலேயே நங்கூரம் போட்டு நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் புயலுக்குப் பயந்து அங்கேயும் நிற்காது. இப்படிப்பட்ட இடத்தை ஒரு கும்பினி ஏன் பிடித்துக்கொண்டது? துணிக்காகத்தான். நெசவாளரையும் வியாபாரிகளையும் அழைத்துக் குடியமர்த்துவதுதான் மர்த்தேனின் முதல் வேலையாக இருந்தது. 1693இல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்து, 1699 வரை வைத்திருந்தார்கள். இன்று சுற்றுலாப் பயணிகள் வியக்கிற நேர்கோட்டுத் தெருக்களின் வரைபடம் அவர்கள் போட்டது. நெசவாளருக்கு ஒரு தெரு, வியாபாரிகளுக்கு ஒரு தெரு என்று தொழில்வாரியாகத்தான் அந்த நகரம் வளர்ந்தது.

இனி துணிக்கு வருகிறேன். அது உருவாகிற விதத்தை நிதானமாகவே சொல்ல வேண்டும். கடலுக்கு அப்பால் நடந்தது எல்லாவற்றுக்கும் காரணம் இதில்தான் இருக்கிறது.

நூல் கிராமங்களில் பெண்கள் ராட்டையில் நூற்றது. அதைப் பாவாக ஓட்டி, தெருவில் நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, காயவைத்துத் தறிக்கு ஏற்றுவார்கள். தறி என்றால் குழித்தறி. நெசவாளர் குழிக்குள் காலை இறக்கி மிதியை மிதிக்க, கை நாடாவைத் தள்ளும். நெய்தது வெள்ளைத் துணி. கும்பினி வியாபாரிகள் முன்பணம் கொடுத்து, இத்தனை நீளம், இத்தனை அகலம், இத்தனை நெருக்கம் என்று பேசி நெய்யச் சொல்வார்கள். முன்பணம் வாங்கியவர் தறியை விட்டு எழுந்திருக்க முடியாது. அரிசி விலை ஏறினால், பேசிய விலை அவருக்கே பாரம். பஞ்சமோ படையெடுப்போ வந்தால் நெசவாளர்கள் தறியைப் பிரித்துக்கொண்டு அடுத்த சீமைக்குப் போய்விடுவார்கள். போனவர்களைத் திரும்ப அழைக்க ஆளுநர்களே தூது அனுப்ப வேண்டியிருந்தது. 20 துணி கொண்டது ஒரு கோர்ஜை. ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பில் கப்பல், படை, ராஜதந்திரம் எல்லாவற்றுக்கும் இடையே துணிக் கணக்கும் விடாமல் ஓடிக்கொண்டிருக்கும். துணி வராவிட்டால் கப்பல் பாதி காலியாகப் போகும் என்பது அவருக்குத் தெரியும். துபாஷியாகவும் வியாபாரியாகவும் இருந்த அவரே ஒரு கப்பலும் வைத்திருந்தார். அதன் பெயர் ஆனந்தப்புரவி.

வெள்ளைத் துணி நீலமாவது தாழியில். அவுரி இலையிலிருந்து எடுத்த நீலத்தைத் தண்ணீரில் அப்படியே கரைத்தால் துணியில் பிடிக்காது. தகரை விதையை வேகவைத்த கஞ்சியும் சுண்ணாம்பு நீரும் உவர்மண் தெளிவும் சேர்த்துத் தாழியில் ஊறப்போடுவார்கள். அது புளித்து, பச்சை படர்ந்து, நுரைத்து வரும். பக்குவம் வந்ததா என்று சாயக்காரர் பார்வையாலும் மூக்காலுமே கண்டுபிடிப்பார். துணியை முக்கி எடுத்தால் முதலில் பச்சையாகத்தான் இருக்கும். காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாகும். மறுபடி முக்கி, மறுபடி காற்றில் விரித்து, கருமை தட்டும்வரை இதையே செய்வார்கள். பிறகு மரக்கட்டையால் அடித்து மெருகேற்றினால் துணியில் ஒரு பளபளப்பு வரும். புதுச்சேரித் தண்ணீரில் நீலம் ஆழமாகப் பிடிக்கும் என்று பிரெஞ்சுக்காரர்கள் உறுதியாக நம்பினார்கள். வேறு ஊரில் நெய்த துணியைக்கூட இங்கே கொண்டுவந்து சாயம் போட்டார்கள். இப்படித் தோய்த்த துணியில் தாழியின் வாடை தங்கிவிடும். அந்த வாடைக்குப் பின்னால் பெரும் விலை கிடைக்கப்போகிறது.

சேலம், உடையார்பாளையம் போன்ற தொலைவூர்களில் நெய்த துணியும் வந்தது. மேற்கிலிருந்து வருகிறவற்றுக்கு வில்லியனூர்தான் வாசல். திருக்காமீசுவரர் கோயில் தேர் ஓடும் அந்த ஊரைக் கடந்துதான் வண்டி புதுச்சேரிக்குள் போகும். 1749, 1750ஆம் ஆண்டுகளில் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளெக்ஸ் தன் நவாபு நண்பர்களிடமிருந்து இந்த வட்டங்களைப் பெற்றபோது, வரி வருமானத்தோடு இந்த வாசலின் சாவியும் அவருக்குக் கிடைத்தது. சாவி பறிபோனால் என்ன ஆகும் என்பதைப் பத்தே ஆண்டுகளில் புதுச்சேரி அனுபவித்தது. 1760இல் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டின் படை வில்லியனூர்க் கோட்டையைப் பிடித்தது. கடலில் ஆங்கிலேயக் கப்பல்கள், மேற்கே வில்லியனூரில் ஆங்கிலேயப் படை. நகரம் பட்டினி கிடந்தது. 1761 ஜனவரியில் ஆனந்தரங்கப் பிள்ளை கண்மூடினார். சில நாட்களில் நகரம் சரணடைந்தது. பிறகு கோட்டையும் வீடுகளும் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டன. 1783இல் இரண்டு மன்னர்கள் வில்லியனூரையும் பாகூரையும் பெயர் சொல்லி எழுதியது இந்தப் பாடத்துக்குப் பிறகுதான்.

துணிக்கட்டு கரைக்கு வந்தால், அடுத்தது சலங்கு. ஆணி இல்லாமல் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய படகு. அலை மோதும்போது வளைந்து கொடுக்கும். ஆணி அடித்த படகு அந்த அலையில் பிளந்துபோகும். கடலோரக் குப்பங்களைச் சேர்ந்தவர்கள்தான் அதைத் தள்ளி, அலை தணியும் நேரம் பார்த்துக் கப்பல்வரை கொண்டுபோனார்கள். கூடவே கட்டுமரங்கள் போகும். சலங்கு கவிழ்ந்தால் ஆளைத் தூக்குவதற்கு. ஏறத்தாழ 200 ஆண்டுகள் புதுச்சேரியின் துறைமுகம் என்பது இவர்களுடைய தோளும் கையும்தான். இவர்களில் ஒருவருக்கும் கடற்கரைச் சாலையில் சிலை கிடையாது.

கப்பல் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி மேற்குப் பிரான்சுக்குப் போகும். கும்பினி காலத்தில் லோரியான் துறைமுகம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் போர்தோ. அங்கிருந்து வேறு கப்பலில் ஏறி, செனகல் ஆற்றின் முகத்தில் இருக்கும் சேன்லூயி தீவுக்கு. இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டில் மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் இந்திய நீலத்துணியைக் கொடுத்து வாங்கியவற்றில் மனிதர்களும் உண்டு. அடிமைகளாக அட்லாண்டிக் கடலைக் கடந்தவர்களின் விலையில் நம் ஊர்த் தறியின் துணியும் எண்ணப்பட்டது. நெய்தவருக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. நமக்குத் தெரியும். துறைமுகத்தின் பெருமையைப் பேசும்போது இதையும் சேர்த்தே பேச வேண்டும்.

அடிமை வாணிகம் ஒடுங்கிய பிறகு துணியின் முதன்மை வேலை பிசின் வாங்குவது. செனகல் ஆற்றுக்கு வடக்கே, இன்றைய மொரித்தானியாவின் வறண்ட நிலத்தில், நம்மூர் வேல மரத்தின் இனத்தைச் சேர்ந்த மரங்கள் பிசின் வடிக்கும். மூர் வணிகர்கள் அதை ஒட்டகத்தில் ஏற்றிக்கொண்டு ஆற்றங்கரைச் சந்தைகளுக்கு வருவார்கள். பதிலுக்கு அவர்கள் கேட்டது புதுச்சேரி நீலம். ஏறக்குறைய 16 மீட்டர் கொண்ட ஒரு துணி அங்கே உடுக்கும் துணியாகவும் இருந்தது, நாணயமாகவும் இருந்தது. பிசினின் விலை, ஆற்றைக் கடக்கும் தீர்வை, தலைவர்களுக்குக் கொடுக்கும் மரியாதை எல்லாவற்றையும் நீலத்துணியின் எண்ணிக்கையில் பேசினார்கள். ஐரோப்பாவில் ருவான் நகரத்து ஆலைகள் அதே மாதிரித் துணியை மலிவாகச் செய்து அனுப்பிப் பார்த்தன. மூர்கள் அதைத் தொட்டுப் பார்த்தார்கள், முகர்ந்து பார்த்தார்கள், வேண்டாம் என்றார்கள். தாழியின் வாடை இல்லாத துணியை அவர்கள் நம்பவில்லை. பாலைவனத்தில் ஒருவர் மூக்கால் எடுத்த முடிவுக்குப் பாரிசின் அமைச்சரகம் பணிந்தது. 1843இல் பிரெஞ்சு அரசு ஆணை போட்டது: செனகலுக்குப் போகும் நீலத்துணியின் நீளம், அகலம், எடை சோதிக்கப்பட வேண்டும், தரம் சரியென்றால்தான் முத்திரை. உலக வாணிகத்தில் யார் யாரை ஆட்டுவித்தார்கள் என்று கேட்டால், ஆளுநர் மாளிகையை எல்லோரும் காட்டுவார்கள். இந்தத் துணியைப் பொறுத்தவரை, ஆட்டுவித்தவர்கள் வாங்கியவரும் சாயம் போட்டவரும்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

அந்தப் பிசின் எங்கே போனது என்பதையும் பார்க்க வேண்டும். ஐரோப்பாவின் அச்சுத்துணி ஆலைகளுக்குப் போனது. அச்சுச் சாயம் கசியாமல் கெட்டியாக நிற்க அது வேண்டும். இந்தியச் சித்திரத் துணிகளைப் பார்த்துப் போலி செய்து, பிறகு அவற்றின் சந்தையையே பறித்துக்கொண்ட தொழில் அது. நம் துணியைக் கொடுத்து வாங்கிய பிசின், நம் துணியைத் தோற்கடிக்க உதவியது. இந்த வலியை நான் வெறும் பொருளாதாரக் குறிப்பாகக் கடந்துபோக விரும்பவில்லை.

மறுபடி ஆங்கிலேயர் கைக்குப் போயிருந்த ஊரை 1816இல் பிரெஞ்சுக்காரர்கள் திரும்பப் பெற்றுக்கொண்டபோது கோட்டையும் படையும் கிடையாது. சுற்றிலும் ஆங்கிலேயச் சீமை. கிராமங்கள்கூடத் துண்டு துண்டாக, நடுவில் ஆங்கிலேயர் ஊர், மறுபடி பிரெஞ்சு ஊர் என்று கலந்து கிடந்தன. வண்டி ஓட்டுகிறவர் வயலைத் தாண்டினால் இன்னொரு நாடு, சாவடியில் சுங்கம். இந்த நெருக்கடியில் நகரத்தைக் காப்பாற்றியது நீலத்துணியே. 1828இல் சவானா ஆலை எழுந்தது. பின்னாளில் அதுதான் சுதேசி மில். 1836இல் கலங்கரை விளக்கம் ஏற்றப்பட்டது. 1860களில் இரும்புத் தூண்கள் நட்டுக் கடலுக்குள் பாலம் போட்டார்கள். சலங்கு பாலத்தின் முனையிலிருந்து சரக்கு ஏற்றியது. அலையோடு போராடும் வேலை பாதி குறைந்தது. 1879 டிசம்பரில் விழுப்புரத்திலிருந்து வில்லியனூர் வழியாகப் புதுச்சேரிக்கு ரயில் வந்தது. அதோடு வண்டிப்பாதையில் போன சரக்கு தண்டவாளத்துக்கு மாறியது. ரயிலில் அதிகம் வந்தது வேறொரு பொருள்: வேர்க்கடலை. மர்சேய் நகரத்து எண்ணெய்ச் செக்குகளும் சோப்பு ஆலைகளும் அதை விழுங்கின. வயல்களில் அவுரி இருந்த இடத்துக்கு மல்லாட்டை என்று நாம் சொல்லும் அந்த வேர்க்கடலை வந்தது. 1880இல் வில்லியனூரும் பாகூரும் கொம்யூன்கள், அதாவது பிரெஞ்சு முறை உள்ளாட்சிகள், ஆயின. மேயர், மன்றம், தேர்தல் எல்லாம் வந்தன. துறைமுகத்தின் வருமானத்தில் கிராமத்துக்கு எவ்வளவு திரும்பி வந்தது என்பது வேறு கதை. அது அவ்வளவு சந்தோஷமான கதை இல்லை.

குழித்தறி மெல்லத் தோற்றது. இராட்டை நூல் போய் ஆலை நூல் வந்தது. ஆலை நூலோடு ஆலைத் தறியும் வந்தது. 1898இல் முதலியார்பேட்டையில் ரோடியர் மில் எழுந்தது. நாம் ஏ.எஃப்.டி. என்று சொல்லும் ஆலை அதுதான். நெசவாளர் பிள்ளைகளும் நிலமில்லாத விவசாயிகளும் கொம்யூன் கிராமங்களிலிருந்து விடியுமுன்னே நடந்து ஆலைச் சங்குக்கு வந்து சேர்ந்தார்கள். வேலை நேரத்துக்கு அளவில்லை, சங்கம் வைக்க உரிமையில்லை. தொழிற்சங்கத் தலைவர் வ. சுப்பையாவின் தலைமையில் அவர்கள் எழுந்தார்கள். 1936 ஜூலை 30ஆம் நாள் பிரெஞ்சுப் படையினர் சுட்டதில் 12 தொழிலாளர்கள் இறந்தார்கள். அடுத்த ஆண்டு 8 மணி நேர வேலை சட்டமானது. புதுச்சேரியின் விடுதலைப் போராட்டத்துக்கு வேர் இந்த ஆலைவாசல்களில்தான் இருக்கிறது. மீண்டும் சொல்கிறேன், துணியில் இருக்கிறது.

மற்றவை விரைவாக நடந்தன. 1952 புயலில் பழைய இரும்புப் பாலம் சாய்ந்தது. விடுதலைக்குப் பிறகு தெற்கே தள்ளிப் புதிய பாலம் கட்டினார்கள். கப்பல்கள் குறைந்து அதுவும் ஓய்ந்தது; 2022 மார்ச்சில் அதன் ஒரு பகுதி கடலில் விழுந்தது. 1980களில் அரியாங்குப்பத்து ஆற்றுமுகத்தில் கற்சுவர் எழுப்பிப் புதுத் துறைமுகம் செய்தார்கள். அரிக்கமேட்டுக்குக் கப்பல் வந்த அதே ஆறு. சுவர் மணலின் ஓட்டத்தைத் தடுத்தது. தெற்கே மணல் சேர்ந்தது. வடக்கே நகரத்தின் கடற்கரையையும் குருசுக்குப்பம் போன்ற மீனவர் ஊர்களையும் கடல் அரித்தது. சலங்கு தள்ளியவர்களின் பேரப்பிள்ளைகள் வீடு இழந்தார்கள். 2011 தானே புயல் ஏ.எஃப்.டி. ஆலையைச் சிதைத்தது. 2020இல் அது மூடப்பட்டது. நீலத்துணி நகரத்துக்குக் கொடுத்த கடைசிச் சம்பளமும் அதோடு நின்றது.

மொரித்தானியாவிலும் செனகலிலும் நீலத்தில் தோய்த்த அகலமான உடையை மக்கள் இன்றும் உடுத்துகிறார்கள். அந்தப் பழக்கத்தை வளர்த்த துணி எங்கே பிறந்தது என்று வில்லியனூர்ப் பள்ளிப் பிள்ளை ஒருவரைக் கேட்டுப் பாருங்கள். பாடப்புத்தகத்தில் டூப்ளெக்ஸ் இருக்கிறார், சாயத்தாழி இல்லை. கடற்கரையில் பாரம்பரியம் என்று வண்ணம் பூசிக் காப்பாற்றுகிறோம். மஞ்சள் சுவரும் வளைந்த சன்னலும் நன்றாகத்தான் இருக்கின்றன. அவற்றைக் கட்டிய பணம் எந்தத் தெருவில் நெய்யப்பட்டது என்பதற்கு ஒரு பலகைகூட நடப்படவில்லை. இது திருத்தக்கூடிய குறை.

புதுச்சேரி அருங்காட்சியகத்தில் அவுரி விதையிலிருந்து சேன்லூயிச் சந்தைவரை இந்தத் துணியின் வழியைக் காட்டும் ஓர் அறை வேண்டும். மூடிய ஆலைகளின் கணக்கேடுகளும் துணி மாதிரிகளும் எஞ்சியிருந்தால், நிலத்தை விற்பதைப் பற்றிப் பேசுமுன் அவற்றை அரசு எடுத்துக் காக்க வேண்டும். கொம்யூன் ஊர்களில் தறியில் உட்கார்ந்தவர்களும் ஆலையில் உழைத்தவர்களும் இன்னும் இருக்கிறார்கள், எல்லோருக்கும் வயதாகிவிட்டது. வில்லியனூர், பாகூர்ப் பள்ளி ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: மாணவர்களை இந்த ஆண்டே அவர்களிடம் அனுப்புங்கள். அவர்கள் சொல்வதை அவர்களுடைய சொல்லிலேயே எழுதிவைக்கச் சொல்லுங்கள்.